தோப்புக்காரர் அனுப்பிய மோர்

மேல் முகாம், செண்பகத்தோப்பு
12.2.2025

அக்காவுக்கு,

தம்பி உக்கிரபாண்டி எழுதுவது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா? மாரீஸ்வரி சுகமா? உன் வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார். அவரைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. அவருக்கெல்லாம் ஒன்றும் வராது.

வந்து சேர்ந்துவிட்டேன் அக்கா! கோயம்புத்தூரிலிருந்து மதுரை வரை ஒரு பஸ், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இன்னொன்று. திருமங்கலம் தாண்டியதும் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. மாசி நாளைக்குத்தான் பிறக்கிறது, அதற்குள் இந்த வெயில். பக்கத்து சீட்டுக்காரர் ஈரத்துண்டைத் தலையில் போட்டபடி, "இந்த வெக்கையில காட்டுக்குள்ள என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். சாம்பல் அணில் இருக்கிறது என்றேன். ஊர் வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

என்னிடம் பாடம் கேட்ட ஒருவனை விலங்கியல் துறைத்தலைவர் நாற்காலியில் உட்காரவைத்து, என்னைத் தேர்வு அறைக்குக் காவல் போட்ட கல்லூரியை விட்டு வந்துவிட்டேன் என்று உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரி கனகலட்சுமி கோயம்புத்தூரிலேயே நிம்மதியாக இருக்கிறாள். "ஆனி வரைக்கும் வீட்டில் சத்தம் இருக்காது" என்று சந்தோஷமாக அனுப்பிவைத்தாள். ஆனி வரைக்கும் இந்த அணில்களின் கூடுகளைத் தேடி, எந்த மரத்தில் எப்படி வாழ்கின்றன என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்!

முகாம் என்றால் ஓர் அறை, ஒரு தகரக் கூரை, யானை வராமலிருக்கச் சுற்றிலும் ஓர் அகழி. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இரண்டு பேர், பாண்டிதுரையும் எட்வினும். இன்று காலை முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே மருத மரத்திலிருந்து பக்கத்து மரத்துக்கு ஒன்று பாய்ந்தது. பூனை அளவு இருக்கும். உடம்பைவிட நீளமான சாம்பல் வால் காற்றில் விரிந்து நின்றது. நான் கத்திவிட்டேன். பாண்டிதுரை கம்போடு ஓடி வந்து, "சார், அணிலுக்கா இம்புட்டுத் துள்ளு துள்ளுதீக? நான் கரடின்னுல்லா நெனச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

இங்கே செல்போன் எடுக்காது. எடுத்தாலும் உன் வீட்டுக்குப் பேசினால் பின்னால் அவர் இருமுவது கேட்கும். ஆகவே கடிதம்தான். மாம்பழ வியாபாரி மதார் சாகிப்பின் மகன் நவாஸ் தன் ஜீப்பில் எங்களுக்கு அரிசி பருப்பு கொண்டுவருகிறார். ராஜபாளையம் வரும்போது உன் கையில் கொடுப்பார். பதிலை அவரிடமே கொடு.

அன்புடன்,
உக்கிரபாண்டி


ராஜபாளையம்
20.2.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா வெள்ளத்தாய் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நீ கேட்காதவரும் சுகம். மூட்டு காலையில் பிடிக்கிறது, நடந்தால் விட்டுவிடுகிறது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ இப்படிச் சந்தோஷமாக எழுதி எத்தனை வருஷம் ஆகிறது. யானையிடம் போய்ப் படிப்பைக் காட்டாதே, தூரமாகவே நில்.

மாரீஸ்வரியைச் சோழபுரத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் போலீஸில் இருக்கிறான். நல்ல குடும்பம். எல்லாம் பிடித்துப் போய், எழுந்திருக்கும்போது பையனுடைய அப்பா உன் மச்சானிடம் ஒரு கேள்வி கேட்டார். "பொண்ணோட தாய்மாமன் இந்த வீட்ல கை நனைக்கிறதில்லையாமே, என்ன சங்கதி?" அவர், "அவனுக்கு வேலை ஜாஸ்தி" என்றார். "பதினோரு வருஷமாவா வேலை?" என்று அந்த மனிதர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமன் ஒரு நேரம் இங்க சாப்பிட்டாருன்னு எங்க காதுல விழட்டும்மா, மறுநாளே பரிசத்துக்கு நாள் குறிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டார்.

நம் புது வீட்டுப் பால்காய்ப்பு அன்று நடந்தது தப்புத்தான். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, கேசரி வைத்த பிறகு, மில் முதலாளி வந்துவிட்டார் என்று உன்னை எழுப்பி அடுத்த பந்திக்கு வரச் சொன்னது தப்புத்தான். இதை உன் மச்சானிடமும் சொல்லியிருக்கிறேன். மாரீஸ்வரி என்ன தப்பு செய்தாள்? ஒரே ஒரு வேளை வந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

முகாமில் மோர் கிடைக்கிறதா? இந்த வெயிலில் உனக்குச் சூடு பிடித்துக்கொள்ளும்.

அக்கா,
வெள்ளத்தாய்


மேல் முகாம்
3.3.2025

அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்தை நவாஸ் சொன்னார்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். வரமாட்டேன். பால்ச்சாமி மச்சான் என்னை எழுப்பியதைக்கூட விட்டுவிடலாம். எழுப்பும்போது என்ன சொன்னார் என்பதை நீ வசதியாக மறந்துவிட்டாய். "ஓணான் புடிக்கிற வாத்தியாருக்கு எந்தப் பந்தியில உக்காந்தா என்னலே?" என்றார். முப்பது பேர் சிரித்தார்கள். அவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர், நான் விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். அந்த வீட்டில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று அன்று சொன்னேன். இன்றும் அதுதான். மாரீஸ்வரிக்கு என் ஆசி எப்போதும் உண்டு. அதற்கு வயிறு எதற்கு?

இனி நல்ல சேதி. நேற்று ஓடைக்கரையில் காட்டெருமைக் கூட்டம்! கால்களில் வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல் இருந்தன. எட்வின் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறான், நான் நகரவே இல்லை. நான்கு அணில் கூடுகள் பார்த்துவிட்டேன். வேர்வை கண்ணில் வழிந்து குறிப்பேடெல்லாம் நனைகிறது. காலையில் போட்ட சட்டை பத்து மணிக்கு உப்புப் பூத்துவிடுகிறது. ஆனாலும் அக்கா, இருபத்தைந்து வயதில் இருந்த கால்கள் திரும்பி வந்துவிட்டன.

மோர் கிடைக்கிறதா என்று கேட்டிருந்தாய். போன வாரத்திலிருந்து கிடைக்கிறது! அடிவாரத்தில் மாந்தோப்பு ஒன்றை இந்த வருஷம் யாரோ குத்தகைக்கு எடுத்திருக்கிறார்களாம். "அணில் பாக்குற புரொபசருக்கு" என்று அந்தத் தோப்புக்காரர் நவாஸ் கையில் ஒரு தூக்குவாளி மோரும் கிணற்றுத் தண்ணீரும் கொடுத்து அனுப்புகிறார். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட மோர். இப்படி ஒரு மோரைக் குடித்து எத்தனை காலமாயிற்று! தண்ணீரோ இளநீர் மாதிரி. முன்பின் தெரியாத ஒருவனுக்கு இதைச் செய்கிறாரே, மனிதர் என்றால் அவர். சொந்தம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் அவரிடம் போய்ப் படிக்க வேண்டும்.

அந்தத் தோப்பில் அணிலை விரட்ட வெடி போடுகிறார்கள். வேண்டாம், அது உலகத்தில் வெகு சில காடுகளில் மட்டுமே வாழும் பிராணி என்று விளக்கி, அணிலின் படமும் வரைந்து நவாஸிடம் கொடுத்திருக்கிறேன். கேட்கிறாரோ இல்லையோ.

அன்புடன்,
உக்கிரபாண்டி


ராஜபாளையம்
15.3.2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

காட்டெருமை அருகில் இனிமேல் நிற்காதே.

சாப்பாட்டு விஷயத்தில் உன் முடிவைப் படித்தேன். மாரீஸ்வரியிடம் காட்டவில்லை.

மாவடுவை இப்போதே திறக்காதே. இன்னும் பத்து நாள் ஊற வேண்டும். கைபடாமல் கரண்டி போட்டு எடு.

அக்கா


மேல் முகாம்
6.4.2025

அக்காவுக்கு,

நான் சுகம். உன் கடிதம் ஏன் அவ்வளவு சிறியதாக இருந்தது? மூட்டுவலியா?

மாவடு ஜாடி உன் கடிதத்தோடுதான் வந்து சேர்ந்தது. தோப்புக்காரர் அனுப்பியதாம். அது உனக்கு எப்படித் தெரிந்தது? நவாஸுக்கு வாய் நீளம், ஏறுகிற வீடெல்லாம் பேசிவிட்டுத்தான் வருவார்போல. நீ சொன்னபடி பத்து நாள் வைத்திருந்து நேற்றுத் திறந்தோம். பாண்டிதுரை சோற்றை மறந்து மாவடுவாகவே தின்றுகொண்டிருந்தான்.

ஆனால் சேதி அதுவல்ல. தோப்புக்காரர் வெடியை நிறுத்திவிட்டார்! அதோடு, காட்டை ஒட்டிய கடைசி வரிசையில் நிற்கும் சப்பட்டை ரக மாமரங்களில் இந்த வருஷம் காயே பறிக்கப்போவதில்லையாம். "அத அணிலுக்கு விட்டுருதேன்னு புரொபசர்கிட்டச் சொல்லு. அவிய படிச்சவிய, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொன்னாராம். நவாஸ் இதைச் சொன்னபோது இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்தினேன் அக்கா. என் ஆராய்ச்சிக் கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்ட முதல்வர் ஒருவரைப் பார்த்தேன். மாணவன் என் மேலதிகாரியாக வந்ததைப் பார்த்தேன். என் பேச்சைக் கேட்டு ஒருவர் ஒரு வரிசை மாமரத்தை விட்டுக் கொடுத்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

அவருக்கு மறுபடியும் எழுதினேன். அணில் எப்போது குட்டி போடும், கூட்டை எப்படி அடையாளம் காண்பது என்றெல்லாம் படத்தோடு நான்கு பக்கம். ஒரு நாள் இறங்கிப் போய் அவரைப் பார்க்க வேண்டும். வெயில் கொஞ்சம் தணியட்டும்.

அன்புடன்,
உக்கிரபாண்டி


ராஜபாளையம்
22.4.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். வெக்கையில் எனக்குத்தான் தூக்கம் இல்லை.

இப்போதைக்குத் தோப்புக்கு இறங்க வேண்டாம். பறிப்புக் காலம், அங்கே யாரும் உட்கார்ந்து பேசும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

சோழபுரத்தில் பொறுமை குறைகிறது. வைகாசிக்குள் பரிசம் போட்டுவிட வேண்டுமாம், அதற்குள் சேதி வராவிட்டால் சேத்தூரில் வேறொரு பெண் இருக்கிறதாம். தரகர் வந்து என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். மாரீஸ்வரி ஒன்றும் நடக்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் அந்தப் பையன் பேரைப் போனில் ஏதோ பூப்படம் போட்டு வைத்திருக்கிறாள், நான் பார்த்துவிட்டேன்.

கீழே அவளே எழுதுகிறாளாம்.

அக்கா

மாமா, உங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான் வரவில்லை. ஆனால் அம்மா தினமும் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுகிறாள். அதற்கு மட்டும் ஏதாவது செய்யுங்கள். அணில் படம் ஒன்று எனக்கும் அனுப்புங்கள். — மாரீஸ்வரி


மேல் முகாம்
4.5.2025

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனது கொதிக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன வாரம் கோடை மழை அடித்துத் தடம் அரித்துப்போய், நவாஸின் ஜீப் பாதியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. நாங்கள் நம்பியிருந்த ஊற்றையும் வெள்ளம் கொண்டுவந்த சேறு மூடிவிட்டது. மூன்று பேருக்கும் நாக்கு வறண்டுவிட்டது. ஆனால் தினமும் காலையில் அகழிப் பாலத்தருகே ஒரு கேன் தண்ணீரும் தூக்குவாளி மோரும் இருந்தன. யாரோ அவ்வளவு ஏற்றத்தையும் ஏறி வந்து வைத்துவிட்டு, எங்களை எழுப்பாமல் போயிருக்கிறார்கள்.

பாதையில் மரத்தோடு கட்டியிருந்த தானியங்கிக் காமிராவை நேற்றுக் கழற்றி எடுத்தோம். ஏதாவது அசைந்தால் தானாகப் படம் எடுக்கும். முதல் படத்திலேயே சிறுத்தை! முழு உடம்பும், மீசை மயிர்கூடத் தெரிகிறது. நானும் எட்வினும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அடுத்த படத்தில் தோளில் துண்டைச் சுருட்டி வைத்து, அதன்மேல் தண்ணீர்க் கேனைச் சுமந்து, ஒரு கையில் தூக்குவாளியோடு ஒருவர் ஏறி வருகிறார். வலது காலை இழுத்து இழுத்து நடக்கும் அந்த நடை உனக்குத் தெரியும்.

பாண்டிதுரை எட்டிப் பார்த்து, "இவருதான் சார் நம்ம தோப்புக்காரரு!" என்றான்.

இரண்டு மாதம் அக்கா. இரண்டு மாதமாகப் பால்ச்சாமியின் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, பால்ச்சாமியின் மோரைப் புகழ்ந்து, உனக்கே எழுதியிருக்கிறேன். நீயும் மச்சானும் உட்கார்ந்து படித்துச் சிரித்திருப்பீர்கள். என்னை எழுப்பிவிட்ட கை, என்னை ஏமாற்றி ஊட்டிவிட்டும் பார்த்திருக்கிறது. இனி அந்தத் தோப்பிலிருந்து ஒரு துளியும் வரக்கூடாது என்று நவாஸிடம் சொல்லிவிட்டேன். சோழபுரத்தார் காதில் இதைப் போட்டு, மாமன் சாப்பிட்டுவிட்டார் என்று கணக்குக் காட்ட நினைக்காதே. தெரியாமல் சாப்பிட்டது சாப்பிட்டதாகாது.

உக்கிரபாண்டி


மேல் முகாம்
16.5.2025

அக்காவுக்கு,

சுகம். பன்னிரண்டு நாளாகிறது, பதில் இல்லை. நவாஸிடம் கேட்டால், "அக்கா ஒண்ணும் குடுத்துவிடல சார்" என்று வேறு பக்கம் பார்க்கிறார். ஜீப் சரியாகிவிட்டது, காகிதம் கிடைக்காமல் போகவில்லை.

கோபப்பட வேண்டியவன் நான். நீ கோபித்துக்கொண்டிருப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

தண்ணீர் இப்போது டவுனிலிருந்து பிளாஸ்டிக் கேனில் வருகிறது. மோர் பாக்கெட்டில் வருகிறது, வருவதற்குள் வெந்துவிடுகிறது. முகாமில் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்று எட்வின், "சார், ஒங்களுக்கும் ஒங்க மச்சானுக்கும் சண்ட. நானும் பாண்டிதுரையும் யாரு வீட்டுப் பந்தியில எந்திரிச்சோம்? எங்க மோர ஏன் நிறுத்துனீக?" என்று கேட்டுவிட்டான். பாண்டிதுரை மாவடுத் தண்ணீரை மட்டும் ஜாடியில் ஒளித்து வைத்திருக்கிறான், எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

உன் மூட்டு எப்படி இருக்கிறது? அதையாவது எழுது.

மச்சான் அந்த ஏற்றத்தை அந்தக் காலோடு எப்படி ஏறினார் என்று தெரியவில்லை. அது என் கவலை இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியது.

தம்பி


செண்பகத்தோப்பு, மாந்தோப்பு
21.5.2025

தம்பிக்கு,

நான் சுகம். இதை நான் எழுதுவது தோப்பிலிருந்து. மாசியிலிருந்தே வாரத்தில் பாதி நாள் இங்கேதான் இருக்கிறேன். உனக்கு அதைச் சொல்லவில்லை.

ஏமாற்றினேன் என்று எழுதியிருந்தாய். ஆமாம், ஏமாற்றினேன். உன்னை மட்டும் இல்லை. உன் மச்சானுக்கும் எதுவும் தெரியாது. மேலே யாரோ மதுரைப் புரொபசர் இருக்கிறார், பாவம், வெயிலில் கிடக்கிறார் என்று பொய் சொல்லி நானே மோர் கடைந்து நவாஸிடம் கொடுத்துவிட்டேன். உன் பேரைச் சொல்லக்கூடாது என்று நவாஸிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். நீ எழுதியனுப்பிய தாள்களில் உன் பேர் இருந்த இடத்தைக் கிழித்துவிட்டுத்தான் அவரிடம் கொடுத்தேன். நீ அனுப்பிய அணில் படங்களை அவர் தோப்புக் குடிசையில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். பறிக்க வருகிற ஆட்களை எல்லாம் நிற்கவைத்து, "இது பெட்டை, இது கூடு, மேல மூடுன மாதிரி இருக்குல்லா" என்று பாடம் எடுக்கிறார். நாங்கள் சேர்ந்து சிரித்தோம் என்று எழுதியிருந்தாயே. நீ எனக்கு எழுதிய கடிதம் ஒன்றைக்கூட நான் அவரிடம் காட்டியதில்லை.

மோர் வேண்டாம் என்று நீ சொல்லிவிட்ட அன்று அவர் முகம் வாடிவிட்டது. "நான் என்ன தப்பு செஞ்சேன்? மேல போயி அவியகிட்டயே கேட்டுட்டு வாரேன்" என்று செருப்பைத் தேடினார். அந்தக் காலோடு மறுபடியும் ஏறப் போகிறார் என்றதும் நான் சொல்லிவிட்டேன்.

"அது எந்தம்பி."

"ஏட்டி, யாருன்ன?"

"உக்கிரபாண்டி. நீங்க எலையிலருந்து எழுப்புன உக்கிரபாண்டி."

பழப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அந்தப் பயலுக்கா இம்புட்டுத் தெரியும்?" என்றார்.

"பதினோரு வருஷமாச் சொல்லுதேன். நீங்க எங்க காதுல வாங்குனீக?"

மறுநாள் பறிப்பு ஆட்கள் அந்தக் கடைசி வரிசையில் ஏணியைச் சாத்தினார்கள். "அதத் தொடாதீகலே" என்று சத்தம் போட்டார். "புரொபசரு ஒங்க மச்சினருதானாமே மொதலாளி, இன்னும் என்ன?" என்று ஒருவன் கிண்டல் பண்ணினான். "மச்சினன்கிறது வேற. புரொபசர் சொன்னா சொன்னதுதான், ஏணிய எடு" என்றார்.

அவராக உனக்கு எழுத மாட்டார், எனக்குத் தெரியும். நீயும் அவருக்கு எழுத மாட்டாய். இத்தனை நாள் நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எனக்கும் இனிமேல் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. வைகாசியும் பிறந்துவிட்டது. இது என் கடைசிக் கடிதம். உன் அக்காவாகத்தான் எழுதுகிறேன், மாரீஸ்வரியின் அம்மாவாக எழுதினால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

வெள்ளத்தாய்


மேல் முகாம்
26.5.2025

பால்ச்சாமி மச்சானுக்கு,

உக்கிரபாண்டி எழுதுவது. நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். உங்கள் முழங்காலைப் பற்றி விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் ஏறக்கூடாத கால் அது. இனிமேல் ஏற வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை தொலைநோக்கியில் ஒரு காட்சி பார்த்தேன். இங்கே யாரிடமும் விவரமாகச் சொல்ல முடியவில்லை, எட்வினுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஓடைக்கரை மருத மரத்திலிருந்த தாய் அணில், குட்டியை வாயில் கவ்விக்கொண்டு கிளை கிளையாகத் தாவி, உங்கள் தோப்பின் கடைசி வரிசைக்குள் இறங்கிவிட்டது! திரும்பி வந்து இன்னொரு குட்டியையும் கொண்டுபோனது. காட்டில் இத்தனை மரம் இருக்க, வெடிச்சத்தம் இல்லாத, காய் பறிக்காத உங்கள் மாமரத்தை அது தேர்ந்தெடுத்திருக்கிறது. எத்தனையோ புத்தகம் படித்தேன், இப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. தாவும்போது குட்டி கீழே விழுந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே அந்த வரிசைக்கு அருகில் ஏணி, டிராக்டர், நாய் எதுவும் வரக்கூடாது. ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். உங்கள் பேச்சுக்கு அவர்கள் பயப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பால்காய்ப்பு அன்று நடந்ததை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டதாக யாரும் ஊரில் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். நீங்கள் சொன்ன அந்த வார்த்தைக்கு என்றாவது ஒரு நாள் நேருக்கு நேர் பதில் சொல்வேன், தயாராக இருங்கள்.

வியாழக்கிழமை விடிந்ததும் இறங்கி வருகிறேன். எந்த மரத்தில் கூடு என்று உங்களுக்குத்தான் தெரிந்திருக்கும், நீங்கள் கூட நின்று காட்ட வேண்டும். பார்த்து, படம் வரைந்து முடிக்க உச்சிப்பொழுது ஆகிவிடும். அதற்குப் பிறகு உங்கள் பைக்கில் பின்னால் இடமிருந்தால் ராஜபாளையத்துக்கு வருகிறேன். மாரீஸ்வரி ஓர் அணில் படம் கேட்டிருக்கிறாள், அதை அவள் கையில் கொடுக்க வேண்டும். இதை அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவளிடமிருந்து எனக்குக் கடிதம் நின்றுவிட்டது. சோழபுரத்துக்கு யார் சொல்வது என்பது உங்கள் இருவர் பாடு.

வியாழன் காலைக் கஞ்சி எனக்கு வைக்க வேண்டாம் என்று பாண்டிதுரையிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உக்கிரபாண்டி